ஆறாவது கட்டத்து டிக்

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அவள் பராமரிப்புப் படிவத்தை எடுத்து மேசைமேல் வைப்பாள். மொத்தம் பதினான்கு கட்டங்கள். மூன்று மணி ஐந்து நிமிடத்துக்கெல்லாம் பதினான்கிலும் டிக் விழுந்திருக்கும். அடுத்த நிமிடம், ஆன நேரத்தை எழுதிக் கையெழுத்து. பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போவாள்.

அவள் குடியிருப்போர் பதிவேட்டு அலுவலகத்தின் தரவுத்தளப் பராமரிப்பாளர். நகரத்தின் நான்கு லட்சம் பேரும் அவள் பொறுப்பில் இருந்த ஓர் இயந்திரத்துக்குள் ஆளுக்கு ஒரு வரியாக இருந்தார்கள். வரி இருந்தால் மருந்தகம் மருந்து கொடுக்கும், பள்ளிக்கூடம் சேர்த்துக்கொள்ளும், அலுவலகக் கதவு திறக்கும். வரி இல்லையென்றால் ஆள் குத்துக்கல்லாட்டம் எதிரே நின்றாலும் இல்லைதான்.

படிவத்தைக் குறை சொல்ல அவளுக்கு ஆசைதான். யார் மூளையில் உதித்த சனியன் இது என்று பலமுறை அலுத்துக்கொண்டும் இருக்கிறாள். ஆனால் தாளின் அடியில், 'வடிவமைத்தவர்' என்ற இடத்தில், அவள் பதவிதான் அச்சாகியிருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஊரைத் திருத்தப் போகிற வேகத்தில், விடுமுறை நாளில் உட்கார்ந்து தானே கோடு போட்டுத் தயாரித்த படிவம். அது நன்றாக இருக்கிறதென்று முப்பத்தொரு அலுவலகங்கள் வாங்கிக்கொண்டன. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். அந்த மண்ணை முப்பத்தொரு யானைகளுக்குப் பொட்டலம் கட்டிக் கொடுத்தவள் அவள்.

ஆரம்பத்தில் டிக்குகள் நிஜமாகவே இருந்தன. ஆறாவது கட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பெயர் சுத்தம். ஒரு வரியை அழித்தால் இயந்திரம் அதை உடனே தூக்கி எறிந்துவிடாது. 'இவர் இல்லை' என்று வரியின் மேல் ஒரு குறி போட்டுவிட்டு, அங்கேயே கிடக்க விட்டுவிடும். அப்படிக் கிடப்பவற்றை வாரிக் கொட்டி இடத்தைக் காலி செய்வது தனி வேலை. செய்யாவிட்டால் நாளாக ஆக இயந்திரம் பெருத்து மூச்சு வாங்கும். செய்தால், செய்கிற இரண்டு மணி நேரத்துக்குக் கவுன்ட்டர்கள் மெதுவாகும், வரிசை வாசலைத் தாண்டும்.

அப்படி வரிசை வாசலைத் தாண்டிய ஒரு நாள் இயக்குநர் அவள் அறைக்கு வந்தார். நல்ல மனிதர், குரலை உயர்த்த மாட்டார். இந்தச் சுத்தம் யார் கண்ணுக்காவது தெரிகிறதா என்று கேட்டார். தெரியாது என்றாள். டிக் தெரிகிறதா என்றார். தெரிகிறது என்றாள்.

"அப்போ எது முக்கியம்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க மேடம். நான் தலையிட மாட்டேன்."

அவள் முடிவு பண்ணிக்கொண்டாள். பதினொரு வாரங்களுக்கு முன்னால் நடந்தது இது.

ஒன்பதாவது கட்டத்துப் பொய் அதற்கும் மூத்தது. 'நகல் எடுக்கப்பட்டது, மீட்டுப் பார்க்கப்பட்டது.' எடுக்கிற வேலையை இயந்திரம் தானாகச் செய்துவிடும். அந்த நகலிலிருந்து பதிவேடு முழுசாகத் திரும்பி வருகிறதா என்று மீட்டுப் பார்க்க இன்னொரு கணினி வேண்டும். கேட்டு எழுதி நான்கு வருடமாகிறது. அதனால் 'மீட்டுப் பார்ப்பது' மெல்ல மெல்ல வெறும் 'பார்ப்பது' ஆயிற்று. இன்றைய தேதியில் ஒரு கோப்பு விழுந்திருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பாள். விழுந்திருக்கும். டிக்.

முதல் பொய் டிக்கைப் போட்ட வெள்ளிக்கிழமை அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அடுத்த வாரம் இறங்கியது. அதற்கடுத்த வாரம் என்ன சாப்பிட்டோம் என்பதே நினைவில்லை. தன் மனசாட்சிக்குப் பதினான்கு நாள்தான் ஆயுள் என்று அவள் பின்னால் கணக்குப் போட்டுப் பார்த்தாள். கட்டத்துக்கு ஒரு நாள்.

இப்படியாக இருநூற்றுப் பன்னிரண்டு வாரம் ஒரு கட்டமும் காலியாக இல்லாததால் அலுவலகத்துக்கு 'தவறாத பராமரிப்பு' விருது அறிவிக்கப்பட்டது. வெள்ளிக்கிழமை விருதுக் குழு வருகிறது. அதற்குள் பதிவேட்டிலுள்ள இரட்டைப் பதிவுகளை நீக்கிவிட்டால் நன்றாக இருக்குமே என்று இயக்குநர் ஆசைப்பட்டார். வாசலில் விருந்தாளி வருவதற்கு முன் செருப்புகளை ஒதுக்கி வைப்பது மாதிரி.

அவள் திங்கட்கிழமை ஒரு சின்ன நிரல் எழுதினாள். ஒரே பிறந்த தேதி, ஒரே அம்மா, ஒரே அப்பா, ஒரே முகவரி: நான்கும் பொருந்தினால் ஒரே ஆள் இருமுறை பதிவாகியிருக்கிறார் என்று அர்த்தம். முதல் வரியை வைத்துக்கொண்டு மற்றதை நீக்கு. வாரம் ஒருமுறை தானாக ஓடு. பெயரையும் ஒப்பிடலாமா என்று யோசித்தாள். பெயரை எழுதும்போது குமாஸ்தாக்கள் தவறு செய்வார்கள், அதை நம்ப முடியாது என்று விட்டுவிட்டாள். ஐந்து மணிக்கு நிரலை ஓடவிட்டுவிட்டு, விளக்கை அணைத்துவிட்டு, வீட்டுக்குப் போனாள்.

வீட்டில் அக்கா இருந்தாள். இவளைவிட எட்டு நிமிடம் மூத்தவள்.

நாற்பத்து நான்கு வருடமாக அந்த எட்டு நிமிடத்துக்காகத் தன்னை 'அக்கா' என்று கூப்பிட வைத்திருக்கிறவள். தங்கையை 'எட்டு நிமிஷம்' என்று கூப்பிடுகிறவள். அன்று இரவு ஒரே மேசையில், ஒரே மூக்கும் ஒரே நெற்றியுமாக எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அப்போதுகூட அவளுக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை அலுவலகக் கதவு திறக்கவில்லை.

கழுத்தில் கிடந்த குடியிருப்போர் அட்டையைத் துடைத்து வைத்தாள், திருப்பி வைத்தாள். சிவப்பு விளக்குதான் எரிந்தது. காவலாளி வந்து தன் கையால் ஒருமுறை வைத்துப் பார்த்துவிட்டு, சங்கடத்தோடு தலையைச் சொறிந்தார்.

"தினமும் பாக்குற முகம்தான் மேடம். ஆனா நீங்க இல்லைன்னு காட்டுது."

"இல்லைன்னா, லீவுன்னா?"

"இல்லைன்னா இல்லை மேடம். ஆளே இல்லை."

அந்த இடத்தில், முதுகுக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தபோது, அவளுக்கு விளங்கியது. முதலில் வந்தது பயமல்ல, வெட்கம். பிறகு, சொல்லக் கூடாது, கொஞ்சம் திருப்தி: நிரல் சரியாகத்தான் ஓடியிருக்கிறது.

அக்காவுக்குப் போன் செய்தாள். அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். மாணவர் ஒருவரை அலுவலக வாசல் வரை ஓட்டவைத்து, பத்து நிமிடத்தில் வந்து இறங்கினாள். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரிக்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"ஆக, நான் இருக்கேன். நீ இல்ல."

"ஆமா."

"எத எழுதுறதுக்கு முன்னாடியும் ஒரு தரம் கண்ணாடியப் பாருடி. நான் கார் எடுக்கிறவங்களுக்கு முதல் நாளே சொல்ற பாடம் அது."

சொல்லிவிட்டுத் தன் அட்டையைக் கழற்றி இவள் கழுத்தில் மாட்டிவிட்டாள். படத்தில் இருந்தது அதே முகம். பச்சை விளக்கு எரிந்தது. வருகையாளர் ஏட்டில் 'யாரைப் பார்க்க?' என்ற இடத்தில் 'தங்கையை' என்று எழுதி, தன்னையே பார்க்க அவள் உள்ளே போனாள்.

தரவுத்தளத்துக்குள் நுழைவதில் சிரமம் இருக்கவில்லை. அங்கே நுழைய மனுஷியாக இருக்க வேண்டியதில்லை, கடவுச்சொல் தெரிந்தால் போதும். பார்த்தாள். இவளையும் சேர்த்து ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு பேர் போயிருந்தார்கள். எல்லோரும் கூடப் பிறந்தவருக்குப் பின்னால் பிறந்தவர்கள். ஒரு வீட்டில் மூன்று பேர் ஒன்றாகப் பிறந்திருந்தார்கள். அங்கே இரண்டு பேர் போயிருந்தார்கள்.

நிரலை நிறுத்திவிட்டு இயக்குநரிடம் ஓடினாள். அவர் உரை தயாரித்துக்கொண்டிருந்தார். பொறுமையாகக் கேட்டார்.

"மேடம், பதிவேடு நகரத்தப் பிரதிபலிக்குதுன்னு நாம சொல்றது வெளியில இருக்கிறவங்களுக்கு. உண்மையில நகரம்தான் பதிவேட்டப் பிரதிபலிக்கணும். அதுல கொஞ்சம் பேர் தவறியிருக்காங்க. இவங்கல்லாம் பிறக்கும்போதே ஒருநாள் இடைவெளி விட்டிருந்தா இந்தச் சிக்கலே வந்திருக்காது. சரி, நடந்தது நடந்துபோச்சு. வரட்டும், புதுசா விண்ணப்பிக்கட்டும். நாம எப்பவும் திறந்த மனசோட இருக்கோம்."

புதிதாகப் பதிய இருந்தது ஒரே ஒரு விண்ணப்பம்: புதிதாகப் பிறந்தோருக்கானது. பிறந்து இருபத்தொரு நாளுக்குள் கொடுக்க வேண்டும். அவள் பிறந்து பதினாறாயிரத்துச் சொச்சம் நாளாகியிருந்தது.

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு மாத மூடல் என்பதை அவருக்கு நினைவூட்டினாள். மருந்தகம், பள்ளி, நூலகம் எல்லாம் பதிவேட்டைப் படியெடுத்துக்கொண்டு போகிற நேரம் அது. அதற்குப் பிறகு இங்கே இல்லாதவர்கள் எங்கேயும் இல்லாதவர்கள். அவளுக்கு வேலையும் இராது. பதிவேட்டில் இல்லாதவர் பதவியில் இருக்க முடியாது. இயக்குநர் வருத்தப்பட்டார். பிறகு நினைவு வந்தவராக, அன்றைக்குக் காலை குழுவின் முன்னால் ஆறாவது கட்டத்தை அவள் பெரிய திரையில் செய்து காட்ட வேண்டும் என்றார். சுத்தம் நடக்கும்போது ஒரு பச்சைக் கோடு ஓடுமாமே, பார்க்க அழகாக இருக்குமாமே.

புதன்கிழமை அவள் நகலைத் திறந்தாள். நான்கு வருடமாக எட்டி மட்டும் பார்த்த கோப்பு. உள்ளே ஒரே ஒரு வாக்கியம் இருந்தது: 'இடம் போதவில்லை.' அதற்கு முந்தைய வாரத்தைத் திறந்தாள். 'இடம் போதவில்லை.' நான்கு வருடமாக இயந்திரம் ஒவ்வொரு வாரமும் தவறாமல், தேதி போட்டு, அவளுக்கு ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருந்திருக்கிறது. அவள் உறையைப் பார்த்து டிக் போட்டிருக்கிறாள்.

அன்று அவள் தேநீர் குடிக்கப் போகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, தான் எப்போது இப்படி ஆனோம் என்று தேடினாள். பெரிய திருப்பம் ஒன்றும் அகப்படவில்லை. யாரும் மிரட்டவில்லை, ஆசை காட்டவில்லை. ஒரு கட்டம் காலியாக இருப்பதைப் பார்க்க அவளுக்குச் சகிக்காது. அவ்வளவுதான். நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கியவள் அந்தப் பெயரைக் காப்பாற்றச் செய்கிற அயோக்கியத்தனத்துக்கு ஓசையே இருப்பதில்லை.

தன் வரியை மட்டும் கையால் எழுதிச் சேர்க்க இரண்டு நிமிடம் போதும். சேர்க்கத்தான் நினைத்தாள். அம்மா, அப்பா, முகவரி, தேதி எல்லாம் தட்டிவிட்டாள். பக்கத்துத் திரையில் நீக்கப்பட்டவர்களின் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. எண்கள் மட்டும்தான். பெயரை நிரல் எங்கும் குறித்து வைக்கவில்லை. பெயரை நம்ப முடியாது என்றவள் அவள்தானே. தன் வரியைத் தட்டத் தனக்குத் தன் பெயர் தெரியும். மற்ற ஆயிரத்து நூற்று நாற்பத்தைந்து பேருக்கு யாரைக் கேட்பாள்?

தட்டியதை அழித்தாள். அழிக்கும்போதுதான் பொறி தட்டியது. அழித்தது உடனே போவதில்லை. குறி மட்டும்தான் விழுகிறது. வாரிக் கொட்டினால்தான் போகும். அவள் பதினொரு வாரமாக வாரவில்லை.

அத்தனை பேரும் அங்கேயே இருந்தார்கள். வீட்டு வாசலில் பெயர்ப்பலகையைக் கழற்றியிருக்கிறது, ஆட்கள் உள்ளேதான் இருக்கிறார்கள். அவளுடைய சோம்பேறித்தனம் ஒன்றுதான் நகரத்தில் அந்த வாரம் ஒழுங்காக நடந்த வேலை.

குறி விழுந்த வரிகளைப் படிக்க ஒரு கருவியை நிறுவ வேண்டும். அதற்குப் படிவ அதிகாரியின் அனுமதி வேண்டும். கட்டம் காலியாக இருந்தால் மூன்று அறை தள்ளியே மோப்பம் பிடித்துவிடுகிற மனிதர் அவர். கட்டத்துக்குள் இருப்பது நிஜமா என்பது அவர் துறையல்ல. வியாழக்கிழமை அவர் அவளுடைய படிவங்களை மேசைமேல் வரிசையாகப் பரப்பி வைத்தார்.

"ஆறாவது கட்டம். சுத்தம் ஆயிடுச்சு, ஆயிடுச்சு, ஆயிடுச்சு. சுத்தம் ஆன இடத்துல எப்படி மேடம் ஆள் இருப்பாங்க?"

"சுத்தம் ஆகல சார். நான் சும்மா டிக் போட்டேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மாட்டினார். அதிர்ச்சி அடைந்ததாகத் தெரியவில்லை. தவறான ஜன்னலுக்கு வந்துவிட்டவளைப் பார்ப்பது போல் பார்த்தார்.

"அத எந்தக் கட்டத்துல எழுதுறது?"

அப்படி ஒரு கட்டம் இல்லை. படிவத்தை வடிவமைத்தவள் அதை யோசிக்கவில்லை. வாயால் சொல்வதை அவரால் பதிவு செய்ய முடியாது என்றும், குழுவின் முன்னால் சொன்னால் கூட்டக் குறிப்பில் ஏறும், அதை வேண்டுமானால் ஆதாரமாக எடுத்துக்கொள்ளலாம் என்றும் அன்போடு யோசனை சொன்னார்.

வீட்டில் அக்காவிடம் சொன்னாள். பச்சைக் கோட்டை மட்டும் பொய்யாக ஓடவிட்டுவிடலாம், தனக்கு அதில் நல்ல பயிற்சி உண்டு. ஆனால் உண்மையைச் சொல்லாமல் அனுமதி கிடைக்காது, அனுமதி இல்லாமல் ஆட்கள் திரும்ப மாட்டார்கள் என்றாள். சொல்லிவிட்டால் வேலை போகலாம். சொல்லாவிட்டாலும் போகும்.

"ரெண்டு பக்கமும் போகப்போற வேலைக்கா இவ்வளவு யோசிக்கிற?"

"வேலைக்காக இல்லக்கா. அத்தனை பேர் முன்னாடி..."

அக்கா தட்டைக் கழுவி வைத்தாள். பிறகு, பிரேக்கை மிதிக்க வெட்கப்படுகிற மாணவர்களும் உண்டு என்று சொன்னாள். பின்னால் வருகிற வண்டிக்காரர் என்ன நினைப்பாரோ என்று மிதிக்க மாட்டார்களாம்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணி. கூட்ட அறையில் குழுவினர் மூன்று பேர். தலைவி நடுவில் இருந்தார், நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியவர். சுவரில் பெரிய திரை. அதன் ஓரத்தில், அக்காவின் அட்டையை மாட்டிக்கொண்டு, விசைப்பலகைக்கு முன்னால் அவள். இயக்குநர் எழுந்து நின்றார்.

"பராமரிப்புன்னா என்ன? வேலை செய்யுறதா? எல்லாரும்தான் வேலை செய்யுறாங்க. செஞ்சதுக்கு அடையாளம் வைக்கிறதுதான் பராமரிப்பு. இருநூத்திப் பன்னெண்டு வாரமா எங்க அலுவலகத்துல அடையாளம் இல்லாத ஒரு வேலையும் நடந்ததில்ல. இன்னும் பெருமையா சொன்னா, வேலை நடக்காத வாரத்துலகூட அடையாளம் தவறினதில்ல."

அவரே சொன்னதை அவர் கவனிக்கவில்லை. மற்றவர்கள் கைதட்டினார்கள். பிறகு அவர் திரையைக் காட்டி, இப்போது மேடம் ஒரு விசையை அழுத்துவார், பச்சைக் கோடு ஓடும் என்றார்.

அவள் கை விசைக்கு மேல் போனது. பழக்கம்தான் கொண்டுபோனது. போன கையை அவள் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"ஆறாவது கட்டம் பொய் சார்."

ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை.

"பதினோரு வாரமா நான் சுத்தம் பண்ணல. பண்ணினேன்னு எழுதினேன். ஒன்பதாவதும் பொய்தான், அது நாலு வருஷமா. திங்கக்கிழமை ஒரு தப்பு பண்ணி ஆயிரத்து நூத்தி நாப்பத்தாறு பேர அழிச்சுட்டேன். சுத்தம் பண்ணாததால அவங்க இன்னும் உள்ள இருக்காங்க. இத இப்போ அழுத்தினா போயிடுவாங்க. நானும் அதுல ஒருத்தி. இந்த அட்டை எங்க அக்காவோடது."

படிவ அதிகாரி மட்டும் கூட்டக் குறிப்பில் வேகமாக எழுதிக்கொண்டிருந்தார். இயக்குநர் மேடத்துக்கு ஓய்வு தேவைப்படுகிறது என்று ஆரம்பித்தார். குழுத் தலைவி கையை உயர்த்தி அவரை நிறுத்தினார்.

"இந்தப் படிவத்தத்தானே முப்பத்தொரு அலுவலகத்துக்கு அனுப்பினீங்க?"

இயக்குநர் முகம் மலர்ந்து ஆமாம் என்றார்.

தலைவி தண்ணீர் கேட்டார். முழு டம்ளரையும் குடித்தார்.

"எங்க அலுவலகத்துலயும் இதுதான்," என்றார். அவர் அவளை மட்டும் பார்த்துப் பேசினார். "நீங்க எத்தனை நிமிஷத்துல முடிப்பீங்க?"

"அஞ்சு."

"எங்க ஆள் நாலு."

தலைவி அனுமதிப் படிவத்தை வரவழைத்தார். காரணம் எழுதக் கட்டம் இல்லையே என்று படிவ அதிகாரி இழுத்தபோது, ஓரத்தில் எழுதச் சொன்னார். ஓரம் அதற்குத்தான் இருக்கிறது என்றார். தன் இருபது வருட அனுபவத்தில் ஓரத்தில் எழுதியதே இல்லை என்று அந்த மனிதர் சொன்னதைக் கேட்க யாருக்கும் நேரமில்லை.

நாலு இருபதுக்கு ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு வரிகளும் திரும்பியிருந்தன. ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அந்தப் பதினொரு வாரத்தில் முறையாக நீக்கப்பட்டவர்களும், ஊரை விட்டுப் போனவர்களும் உயிரை விட்டவர்களும், அதே குவியலில் கிடந்தார்கள். அவர்களில் யாரையும் கூடவே எழுப்பிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. தன் வரி வந்தபோது ஏதாவது தோன்றும் என்று நினைத்தாள். பிறந்த தேதி, அம்மா, அப்பா, முகவரி. இவ்வளவு சின்ன வரியா என்று மட்டும் தோன்றியது.

விருது வழங்கப்பட்டது. சான்றிதழ் ஏற்கெனவே அச்சாகிவிட்டது. அவளுக்கு ஒரு கண்டனக் குறிப்பு வந்தது. அதையும் அதே கோப்பில் வைத்தார்கள். வேலை போகவில்லை. நீக்குவதற்கு ஒரு படிவம் வேண்டும், அதைப் பராமரிப்பாளர்தான் வடிவமைக்க வேண்டும். இனி இப்படி நடக்காதிருக்க இயக்குநர் படிவத்தில் பதினைந்தாவதாக ஒரு கட்டம் சேர்த்தார்: 'மேற்கண்ட பதினான்கும் உண்மை.' பக்கத்தில் டிக் போட இடம்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் காலையிலேயே ஆரம்பித்தாள். வரவேற்பறையில் பூந்தொட்டியைத் தாங்கிக்கொண்டு சும்மா கிடந்த பழைய கணினியைத் தூக்கிவந்து, வட்டில் இடம் ஒதுக்கி, நகலை நிஜமாகவே எடுத்து, நிஜமாகவே மீட்டுப் பார்த்தாள். நான்கு லட்சம் பேரும் இருந்தார்கள். பத்துப் பேரைக் குத்துமதிப்பாக எடுத்து ஒப்பிட்டாள். அக்கா இருந்தாள். அவளுக்கு அடுத்த வரியில் இவளும் இருந்தாள். பிறகு மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு சுத்தத்தை ஓடவிட்டாள். கவுன்ட்டர்கள் மெதுவாயின, வரிசை வாசலைத் தாண்டியது. பச்சைக் கோடு ஊர்ந்து ஊர்ந்து போவதை முழுக்க உட்கார்ந்து பார்த்தாள். மொத்தம் நான்கு மணி நேரம் பத்து நிமிடம் ஆயிற்று. பதினைந்து டிக்.

திங்கட்கிழமை படிவம் திரும்பி வந்தது. மேலே ஒரு தாள் குத்தியிருந்தது. இருநூற்றுப் பதினான்கு வார வரலாற்றில் இந்த அலுவலகத்தின் படிவம் திரும்பி வருவது இதுவே முதல்முறை என்று படிவ அதிகாரி வருத்தத்துடன் குறிப்பிட்டிருந்தார். வழக்கமாக ஐந்து நிமிடத்தில் முடிகிற பணிக்கு இந்த வாரம் நான்கு மணி நேரம் பத்து நிமிடம் ஆனதற்கான காரணத்தை எழுத்துமூலம் விளக்க வேண்டும். கீழே விளக்கத்துக்காகப் பன்னிரண்டு கோடுகள் போடப்பட்டிருந்தன.

அவள் பேனாவைத் திறந்தாள். முதல் கோட்டில் 'செய்தேன்' என்று எழுதினாள். மீதிப் பதினொரு கோடுகளையும் பார்த்தாள். நிரப்பச் சொல்லிக் கை துறுதுறுத்தது. பேனாவை மூடிவிட்டு, தாளை அப்படியே அனுப்பினாள்.